ஓடும்போது நிறம் காட்டும் கரைசல்கள்

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஆச்சி செம்பருத்தி இலையைப் பறித்து வந்து ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கசக்குவாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். அக்காமார் தலைக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சட்டி என் கைக்கு வரும். கரண்டியால் மொண்டு உயரத்திலிருந்து சரித்தால் சாறு சொட்டுச் சொட்டாக விழாது, நூலாக இறங்கும். கரண்டியைச் சட்டென்று நிமிர்த்தினால் இறங்கிக்கொண்டிருந்த நூலில் ஒரு பகுதி திரும்ப மேலே ஏறிக் கரண்டிக்குள் போய்விடும்.

தண்ணீர் அப்படிச் செய்யாது. பக்கத்து அடுப்பில் கொதிக்கும் கருப்பட்டிப் பாகும் செய்யாது. பாகு செம்பருத்திச் சாற்றைவிட எவ்வளவோ கெட்டி. கம்பிப் பதம் வந்ததும் அதுவும் நூலாக இழுபடும். ஆனால் இழுத்த பாகு இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். கெட்டியாக இருப்பது ஒன்று, இழுத்தால் திரும்பிப் போவது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால், ஓட்டம் ஒரு கரைசலின் உள்ளமைப்பை எப்படி மாற்றுகிறது, அந்த மாற்றம் எப்படி நிறமாகக் கண்ணில் படுகிறது என்பது வரை ஒரே பாதைதான்.

சுருண்டு கிடக்கும் வடம்

சர்க்கரையின் மூலக்கூறு குட்டியானது. செம்பருத்தி இலைப் பசையில் இருப்பதோ, அப்படிப்பட்ட சர்க்கரைத் துண்டுகள் ஏராளமாக ஒன்றோடொன்று கோத்த நீளமான சங்கிலி. துண்டுகள் திரும்பத் திரும்பக் கோத்து உண்டாகும் இத்தகைய சங்கிலியைத்தான் பாலிமர் என்கிறோம். சோற்றுக் கஞ்சியில் இருக்கும் ஸ்டார்ச், வேலம்பிசின், நைலான் கயிறு, பிளாஸ்டிக் குடம், நம் உடம்பில் இருக்கும் டிஎன்ஏ எல்லாம் இந்தக் குடும்பம். இவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்க முடியும் என்று 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்னபோது பலர் ஒத்துக்கொள்ளவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கரைசலுக்குள் இந்தச் சங்கிலி எப்படி இருக்கும்? ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் நெல்லையப்பர் தேரின் வடத்தைக் குவித்துப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. பத்தாயிரம் கண்ணி உள்ள ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணியும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசை பார்த்தால், மொத்தச் சுருளின் அகலம் பத்தாயிரத்தின் வர்க்கமூலம், அதாவது சுமார் நூறு கண்ணி நீளம்தான். நேராக இழுத்தால் பத்தாயிரம் கண்ணி நீளம். நூறு மடங்கு நீளக்கூடிய ஒரு பொருள் அந்தச் சுருளுக்குள் ஒளிந்து கிடக்கிறது.

தேர் வடத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இழுத்த வடத்தை விட்டுவிட்டால் அது நேராகவே கிடக்கும். பாலிமர் சங்கிலியோ திரும்பச் சுருண்டுவிடும். சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் அதை ஓயாமல் முட்டிக்கொண்டே இருக்கின்றன. நேராக நிற்பதற்கு ஒரே ஒரு வழிதான், சுருண்டு கிடப்பதற்குக் கணக்கற்ற வழிகள். முட்டல் வாங்கும் சங்கிலி இயல்பாகவே அந்தக் கணக்கற்ற வழிகளில் ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறது. கரண்டிக்குத் திரும்பி ஏறிய நூல் இதனால்தான் ஏறியது. ஸ்பிரிங் எதுவும் உள்ளே இல்லை. வெப்பத்தின் ஆட்டமே ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது.

வாய்க்காலும் மடையும்

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. வாய்க்காலில் நடுவில் தண்ணீர் வேகமாகப் போகும், கரையோரம் மெதுவாகப் போகும். குறுக்காக ஒரு வைக்கோலைப் போட்டால் ஒரு முனை முந்தும், மறுமுனை பிந்தும், வைக்கோல் சுழன்றுகொண்டே போகும். அடுத்தடுத்த நீர் அடுக்குகள் வேறு வேறு வேகத்தில் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் இந்த ஓட்டத்தைச் சறுக்கோட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

மடைவாயில் நடப்பது வேறு. அகலமாக வந்த தண்ணீர் குறுகிய வாய்க்குள் நுழையும்போது முன்னே போவது பின்னே வருவதைவிட வேகமாகப் போகிறது. அங்கே வைக்கோல் சுழலாது. தலை முந்த வால் பிந்த, நேராக நின்று நுழையும். இது இழுவை ஓட்டம்.

பாலிமர் சங்கிலியை நீட்டுவதில் மடைதான் கெட்டிக்காரன். சறுக்கோட்டத்தில் சங்கிலி கொஞ்சம் நீளும், சுழலும், சுருளும், மறுபடி நீளும். இழுவை ஓட்டத்திலோ, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சங்கிலி திடீரென்று முழுக்க விரியும் என்று 1974-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் கணித்தார். 1990-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் சூவின் குழு இதைக் கண்ணாலேயே பார்த்தது. ஒளிரும் சாயம் ஏற்றிய ஒற்றை டிஎன்ஏ சங்கிலிகளை நுண்ணோக்கிக்கு அடியில் ஓடவிட்டார்கள். எல்லாம் ஒரே நீளம், எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டம். ஆனால் ஒன்று இரண்டு முனையிலும் முடிச்சோடு விரிந்தது, இன்னொன்று ஊசி மடிப்பாக மடிந்து சிக்கியது, மற்றொன்று சட்டென்று நீண்டுவிட்டது. ஒவ்வொரு சங்கிலியும் ஓட்டத்துக்குள் எந்தக் கோலத்தில் நுழைந்ததோ அதைப் பொறுத்து அதன் தலைவிதி. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை கோடிக்கணக்கான சங்கிலிகளின் சராசரியாக மட்டுமே தெரிந்த ஒன்றை அன்றைக்குத் தனித்தனி ஆளாகப் பார்க்க முடிந்தது.

சரி, எவ்வளவு வேகம் போதும்? இங்கே இரண்டு பேருக்குள் போட்டி. ஓட்டம் சங்கிலியை நீட்டப் பார்க்கிறது, வெப்ப ஆட்டம் அதைச் சுருட்டப் பார்க்கிறது. நீட்டிய சங்கிலி தானாகச் சுருள எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தளர்வு நேரம் என்பார்கள். இரண்டு நீர் அடுக்குகளின் வேக வித்தியாசத்தை அவற்றின் இடைவெளியால் வகுத்தால் வருவது ஓட்டத்தின் சறுக்கு வீதம். தளர்வு நேரத்தோடு அதைப் பெருக்கினால் வருவது வைசன்பெர்க் எண். அது ஒன்றைவிட மிகக் குறைவாக இருந்தால் சங்கிலிக்கு ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஒன்றைத் தாண்டினால் நீளத் தொடங்கும்.

கணக்காகப் பார்ப்போம். சட்டியின் சுவருக்கும் கரண்டிக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, கரண்டி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது என்றால் சறுக்கு வீதம் நொடிக்கு 1. தளர்வு நேரம் ஒரு நொடி இருக்கும் சங்கிலிக்கு இந்தச் சோம்பலான கிண்டலே போதும். நொடியில் நூறில் ஒரு பங்கில் சுருண்டுவிடும் சங்கிலிக்கு இது போதாது. ஆனால் அதே கரைசலை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு துளை உள்ள ஊசி வழியாக நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளினால் சறுக்கு வீதம் பல நூறைத் தொட்டுவிடும். சட்டியில் சும்மா இருந்த சங்கிலி ஊசிக்குள் நீண்டுவிடும். ஓட்டம் வேகமா மெதுவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சங்கிலியின் நேரத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

அழிக்கம்பிக்குள் நுழையும் பலகை

இனி நிறம். சாயம் எதுவும் சேர்க்காத, தெளிந்த தண்ணீர் போன்ற ஒரு பாலிமர் கரைசலைக் கலக்கியதும் நிறம் தோன்றச் செய்ய முடியும். அதற்கு இரண்டு போலராய்டு தகடுகள் வேண்டும்.

ஒளி ஓர் அலை, அது தான் போகும் திசைக்குக் குறுக்காக ஆடும். சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் ஆடும். போலராய்டு என்பது ஜன்னல் அழிக்கம்பி மாதிரி. நிமிர்த்திப் பிடித்த பலகை கம்பிகளுக்கு நடுவே நுழையும், படுக்கப் பிடித்தது நுழையாது. ஒரு போலராய்டைத் தாண்டிய ஒளி ஒரே திசையில் மட்டும் ஆடும். அதன் எதிரே இரண்டாவது போலராய்டைக் குறுக்காக வைத்தால் எதுவும் தாண்டாது, இருட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டியில் தண்ணீரை வைத்தாலும் இருட்டுதான். அசையாத பாலிமர் கரைசலை வைத்தாலும் இருட்டே. சுருள்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் கிடப்பதால் ஒளிக்கு எந்தத் திசையும் விசேஷமில்லை.

கரைசலை ஓடவிட்டால் சங்கிலிகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. இப்போது சங்கிலியின் நீள வாக்கில் ஆடும் ஒளிக்கு ஒரு வேகம், குறுக்கு வாக்கில் ஆடும் ஒளிக்கு வேறு வேகம். இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். போலராய்டுகளின் திசைக்குச் சாய்வாகச் சங்கிலிகள் நிற்கும் இடத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று பிந்தி, வெளியே வந்து மறுபடி சேரும்போது ஆடும் திசை மாறியிருக்கும். அதனால் இரண்டாவது போலராய்டைத் தாண்ட முடிகிறது. இருட்டில் வெளிச்சம் வருகிறது.

நிறம் வருவது அந்தப் பிந்தலின் அளவால். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 550 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பிந்தல் சரியாக ஒரு முழு அலைநீளம் என்றால் அந்த ஒளி எதுவுமே நடக்காதது போலப் பழைய திசையிலேயே ஆடும், தடுக்கப்படும். வெள்ளை ஒளியில் பச்சை மட்டும் கழிந்தால் மிஞ்சுவது கருஞ்சிவப்பு. ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள பெட்டியில் 550 நானோமீட்டர் பிந்தல் வர, இரண்டு திசைகளின் ஒளிவிலகல் எண்களுக்கும் (பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று சொல்லும் எண்) இடையே லட்சத்தில் ஐந்தரைப் பங்கு வித்தியாசம் இருந்தால் போதும். அவ்வளவு சின்னச் சாய்வைக்கூட ஒளி நிறமாக எழுதிக் காட்டிவிடுகிறது. ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட இருட்டு சாம்பலாகி, வெள்ளையாகி, மஞ்சள், செம்மஞ்சள், கருஞ்சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று வரிசையாக மாறும். ஓட்டத்தை நிறுத்தினால், தளர்வு நேரம் கழிந்ததும் மறுபடி இருட்டு. நிறத்தைப் பார்த்தே கரைசலுக்குள் எந்த இடத்தில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்று கணக்கிடும் முறைக்கு இதுதான் அடிப்படை.

இதை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1870-களில், கனடா பால்சம் என்னும் மரப்பிசினைக் கலக்கும்போது அது ஒளியை இரண்டாகப் பிரிப்பதை அவர் எழுதிவைத்தார். அதற்கடுத்து வரும் பெயரை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

கே. எஸ். கிருஷ்ணன் 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். அந்த ஊர் இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை, சென்னை, அப்புறம் கல்கத்தாவில் சி. வி. ராமனோடு ஆராய்ச்சி. 1928 என்றதும் எல்லோருக்கும் ராமன் விளைவு நினைவுக்கு வரும், அதில் கிருஷ்ணனின் உழைப்பும் பேசப்படும். அதே 1928-இல் அவர்கள் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இன்னொரு கட்டுரை, திரவங்களில் ஓட்டத்தால் உண்டாகும் இரட்டை ஒளிவிலகலுக்கான கோட்பாடு. நீளச் சங்கிலியே இல்லாத சாதாரணத் திரவங்களில்கூட, மூலக்கூறு உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தால், சறுக்கோட்டத்தின் இழுப்பும் அமுக்கலும் அதை ஒரு திசைக்குத் திருப்பும் என்ற சிந்தனை அது. சறுக்கோட்டத்தில் இழுப்பு விழும் திசை ஓட்டத்துக்கு 45 பாகை சாய்வு. மெதுவான ஓட்டத்தில் மூலக்கூறுகள் அந்தச் சாய்வில் நிற்கும். நீளச் சங்கிலிகளில் வேகம் கூடும்போது அவை ஓட்டத்தின் திசையை நோக்கித் திரும்பும். இன்று உலகம் முழுக்கப் பாலிமர் ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படும் ஒரு முறையின் வேரில், பிளவக்கல் மலையடிவாரத்துப் பையன் ஒருவரின் கணக்கு இருக்கிறது. பின்னாளில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தவரும் அவர்தான்.

கலங்குவதும் கறுப்பதும்

போலராய்டு இல்லாமலேயே கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களும் உண்டு. மிக எளியது கலங்கல். சில பாலிமர் கரைசல்கள் நிற்கும்போது தெளிவாக இருக்கும், கலக்கினால் பால் மாதிரி வெளுக்கும், விட்டுவிட்டால் மறுபடி தெளியும். கரைப்பான் அவ்வளவு தோதாக இல்லாதபோது, ஓட்டத்தின் இழுவிசை சங்கிலிகளை ஓரிடத்தில் நெருக்கியும் இன்னோரிடத்தில் விலக்கியும் வைத்துவிடுகிறது. அந்தத் திட்டுகள் ஒளியின் அலைநீள அளவுக்கு வளர்ந்தால் ஒளி சிதறும். கலக்கினால் எல்லாம் நன்றாகக் கலந்துவிடும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர் இது. பாலிஸ்டைரீன் கரைசல்களில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது, சங்கிலியே நிறம் உள்ளதாக இருப்பது. மின்சாரம் கடத்தும் பாலிமர்களில் எலக்ட்ரான்கள் சங்கிலியின் நடுத்தண்டான முதுகெலும்பு வழியாகப் பரவி நிற்கின்றன. முதுகெலும்பு முறுக்கிக்கொண்டிருந்தால் அவை குறுகிய தூரமே பரவும். தட்டையாக நிமிர்ந்தால் நீளமாகப் பரவி, சிவப்புப் பக்கத்து ஒளியை விழுங்கத் தொடங்கும். பாலிதயோஃபீன் வகை ஒன்று நல்ல கரைப்பானில் ஆரஞ்சு நிறமாக இருக்கும், சங்கிலிகள் நிமிர்ந்து அடுக்கிக்கொண்டால் கருஊதாவாகிவிடும். ஓட்டம் அந்த அடுக்கலைத் தூண்டும். அச்சடித்துச் செய்யும் மின்னணுக் கருவிகளுக்கு மையை எந்த வேகத்தில் பூசுவது என்று மெனக்கெடுவது இதனால்தான்.

மயில் தோகை வழி

எனக்கு மிகவும் ஆசையானது மூன்றாவது வழி. பத்தமடைப் பாயின் சிவப்பும் பச்சையும் கோரையில் ஏற்றிய சாயம். வயலில் வந்து மேயும் மயிலின் கழுத்து நீலம் அப்படி இல்லை. மயிலிறகின் நுண்ணிழைக்குள் மெலனின் என்னும் நிறமிக் குச்சிகள் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கின்றன. அடுக்கின் இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டராக இருக்கும் இடம் நீலம், 150 ஆக இருக்கும் இடம் பச்சை. இடைவெளிக்குத் தோதான அலைநீளம் மட்டும் பலமாகத் திரும்பி வருகிறது. மெலனின் தனியாகப் பார்த்தால் வெறும் கறுப்பு.

பாலிமர் கரைசலிலும் இப்படி அடுக்கு கட்ட முடியும். மாத்திரைகளில் சேர்க்கும் ஹைட்ராக்சி புரொப்பைல் செல்லுலோஸ் என்ற பொருள், மரத்திலும் பருத்தியிலும் இருக்கும் செல்லுலோஸிலிருந்து வருவது. தண்ணீரைவிட அதன் எடையே அதிகமாக இருக்கும்படி கெட்டியாகக் கரைத்தால் சாயமே இல்லாமல் நிறம் காட்டும். சங்கிலிகள் அடுக்கடுக்காக நின்று, ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கிலிருந்து கொஞ்சம் திரும்பி, சுழல் படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. ஒரு முழுச் சுற்றின் உயரம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. தண்ணீர் கூடினால் படிக்கட்டு நீண்டு சிவப்புப் பக்கம் போகும். விரலால் அமுக்கினால் படிக்கட்டு குறுகி நீலப் பக்கம் போகும். பலமாகத் தேய்த்தால் படிக்கட்டே கலைந்து சங்கிலிகள் தேய்த்த திசையில் படுத்துவிடும், நிறம் மறையும். சும்மா விட்டால் மெல்ல மெல்லத் திரும்பக் கட்டிக்கொள்ளும்.

இதை அச்சுத் தொழிலாக்கும் முயற்சியும் நடக்கிறது. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, நடுத்தண்டு முழுக்கக் கிளைகள் உள்ள பாலிமர்கள் இருக்கின்றன. தண்டின் ஒரு பாதியில் ஒரு வகைக் கிளை, மறுபாதியில் அதோடு ஒட்டாத வேறு வகை. உலரும்போது இவை எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து அடுக்கு அடுக்காகத் தட்டையாகின்றன. கிளைகள் நெருக்கமாக இருப்பதால் தண்டு அதிகம் சுருள முடியாது, அதனால் அடுக்குகள் ஒளியின் அலைநீளத்தோடு உறவாடும் அளவுக்குத் தடிமனாக வருகின்றன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யிங் தியாவோவின் குழு 2020-இல் இந்த மையை முப்பரிமாண அச்சு எந்திரத்தில் ஊற்றி, ஊசி நகரும் வேகத்தையும் தளத்தின் சூட்டையும் மட்டும் மாற்றி, ஒரே மையிலிருந்து நீலம் தொடங்கி ஆரஞ்சு வரை எடுத்தது. சங்கிலிகள் நிதானமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைத்ததா, பாதியில் உறைந்துவிட்டதா என்பதே அங்கே நிறம். மறுபடி அந்தப் பழைய போட்டிதான், ஓட்டத்தின் நேரத்துக்கும் சங்கிலியின் நேரத்துக்கும்.

வீட்டில் பார்க்க

முத்துப்போல மினுங்கும் ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே பட்டு மடிப்பு மாதிரி வரிகள் ஓடும். அதில் மிதக்கும் நுண்ணிய படிகத் தகடுகள் ஓட்டத்தின் திசைக்குத் திரும்புவதால் அந்த வரி. அவை பாலிமர் சங்கிலிகள் அல்ல, ஆனால் ஓட்டம் ஒன்றைத் திருப்பி நிறுத்தினால் ஒளி எப்படி மாறும் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி கிடைக்காது.

அடுத்து, லேப்டாப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில்தான் ஆடுகிறது, அதனால் ஒரு போலராய்டு தயார். போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி ஒன்றைக் கண்முன் பிடித்து, திரை கறுக்கும் வரை மெல்லத் திருப்புங்கள். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேலை நீட்டுங்கள். அதற்குள் மஞ்சளும் நீலமும் கருஞ்சிவப்புமாகப் பட்டைகள் தெரியும். உருகிய பாலிமரை அச்சுக்குள் அழுத்தித் தள்ளி அந்த ஸ்கேலைச் செய்திருக்கிறார்கள். ஓடும்போது நீண்ட சங்கிலிகள் திரும்பச் சுருள்வதற்குள் பிளாஸ்டிக் ஆறி இறுகிவிட்டது. ஸ்கேலின் ஓரத்தில் விரலால் தடவினால் ஓரிடத்தில் வெட்டிய தழும்பு தட்டுப்படும், உருகிய பிளாஸ்டிக் நுழைந்த மடைவாய் அதுதான். நிறப் பட்டைகள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.